எது ஒரிஜினல்? பழைய படங்களை மீட்கும் வேலை ஸ்கேனரில் தொடங்குவதில்லை

"4கேயில் புதுப்பிக்கப்பட்டது" என்று போஸ்டரில் பார்த்ததும் பெரிய வேலை ஒன்று நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். 4கே என்பது ஸ்கேன் செய்த அளவு, அவ்வளவுதான். எதை ஸ்கேன் செய்தார்கள்? கேமரா நெகட்டிவையா, ஊர் ஊராக ஓடித் தேய்ந்த பிரிண்டையா? அது முதல் நாள் திரையிட்ட வடிவமா, மறுவெளியீட்டுக்காக நறுக்கிய வடிவமா? விட்டுப்போன காட்சிகளை எங்கிருந்து எடுத்து ஒட்டினார்கள்? இதற்கெல்லாம் அந்த எண்ணில் பதில் கிடையாது. மீட்பு வேலையின் முக்கியமான பாதி, ஸ்கேனரில் விளக்கு எரிவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இங்கே அதிகம் எழுதப்போவது அந்தப் பாதியைப் பற்றித்தான். மென்பொருளைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

ஒரு படத்துக்கு ஒரிஜினல் ஒன்றே ஒன்றாக இருப்பது அபூர்வம். முதல் காட்சிக்குப் போன நீளம் ஒன்று. "இழுக்கிறது" என்று விநியோகஸ்தர் சொன்னதும் வெட்டியது ஒன்று. தணிக்கைக்குப் பின் மிஞ்சியது ஒன்று. வெளிநாட்டுக்கு அனுப்பியது இன்னொன்று. மௌனப் படக் காலத்தில் நெகட்டிவுக்கு நல்ல நகல் எடுக்கும் ஃபிலிம் இல்லை என்பதால், பக்கத்தில் இரண்டாவது கேமரா வைத்தோ வேறு டேக்குகளைச் சேர்த்தோ ஏற்றுமதிக்கென்று தனி நெகட்டிவ் தயாரிப்பார்கள். இப்படிப்பட்ட இரண்டு நெகட்டிவ்களைக் கலந்தால் கதை ஓடும், ஆனால் நடிகரின் கை ஒரு ஷாட்டில் மேலேயும் அடுத்ததில் கீழேயும் இருக்கும்.

இதற்கு ஃப்ரிட்ஸ் லாங்கின் ஜெர்மன் மௌனப் படமான மெட்ரோபொலிஸ் நல்ல உதாரணம். 1927 ஜனவரியில் பெர்லினில் முதலில் காட்டியபோது அதன் நீளம் 4,189 மீட்டர். 24 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால் சுமார் 153 நிமிடம். சில மாதங்களிலேயே அதை வெட்டிச் சுருக்கிவிட்டார்கள், முழு வடிவம் தொலைந்தது என்றே எண்பது ஆண்டுகள் எல்லோரும் நினைத்தார்கள். 2008இல் புவனோஸ் ஐரெஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய முழு நீளத்துக்கும் ஒரு 16 மி.மீ. நகல் கிடைத்தது. தேய்ந்த 35 மி.மீ. பிரிண்டைப் பார்த்து எடுத்த நகல் அது. பழைய பிரிண்டின் கீறல்கள் எல்லாம் அதில் படமாகவே பதிந்துவிட்டன, ஃபிரேமின் ஓரமும் கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்தது. 2010இல் வெளியான மீட்பில் அந்தப் பகுதிகளைப் பெரிதாக்கி நிரப்பாமல், ஓரத்தில் கறுப்பு விட்டு, கீறலோடேயே வைத்தார்கள். எது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பவருக்கே தெரியும். கிடைக்காத காட்சிகளை எழுத்து அட்டையில் சொன்னார்கள். காட்சிகளின் வரிசையை முடிவுசெய்ய, படத்துக்காக எழுதிய இசைக் குறிப்பில் இருந்த காட்சி அடையாளங்கள் பெரிதும் உதவின. நேர்மையான மீட்பு என்றால் எனக்கு நினைவுக்கு வருவது இதுதான்.

ஆகவே முதலில் தேடவேண்டியது காகிதம். தணிக்கைச் சான்றிதழ், ரீல் வாரியான நீளக் கணக்கு, வசனப் பிரதி, பாட்டுப் புத்தகம், ஸ்டில்கள், லேபின் கிரேடிங் சீட்டு (பிரிண்ட் அடிக்கும்போது ஷாட் வாரியாக வைத்த ஒளி, நிற அளவுகளின் குறிப்பு). தணிக்கைச் சான்றிதழில் உள்ள அடிக்கணக்கு தங்கம். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு 90 அடி. சான்றிதழில் 14,580 அடி என்று இருந்தால் படம் 162 நிமிடம். கையில் உள்ள பிரிண்ட் 13,680 அடி என்றால் பத்து நிமிடம் எங்கோ போயிருக்கிறது. ரீல் வாரியாக ஒப்பிட்டால் எங்கே போனது என்பதும் தெரியும். எல்லா ரீலிலும் இருபது, முப்பது அடி குறைந்தால் அது தேய்மானம்: ரீலின் தலையும் வாலும் ஒவ்வொரு முறை புரொஜெக்டரில் மாட்டும்போதும் அறுந்து சுருங்கும். ஒரே ரீலில் 500 அடி குறைந்தால் அது வெட்டு, அநேகமாக ஒரு பாட்டு. மௌனப் படங்களுக்கு மட்டும் இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. அவை 16 முதல் 24 வரை எந்த வேகத்திலும் ஓடியிருக்கலாம். எனவே நிமிடத்தை நம்பாமல் அடியை நம்ப வேண்டும்.

அடுத்து, ஃபிலிமின் வம்சாவளி. கேமரா நெகட்டிவ், அதிலிருந்து மாஸ்டர் பாசிட்டிவ் (நகல் எடுப்பதற்கான பாசிட்டிவ்), அதிலிருந்து டியூப் நெகட்டிவ் (நகல் நெகட்டிவ்), அதிலிருந்து தியேட்டர் பிரிண்ட். ஒவ்வொரு தலைமுறையிலும் கூர்மை குறையும், கிரெயின் (படமாகத் தெரியும் பொடிப்புள்ளிகள்) ஏறும், கான்ட்ராஸ்ட் கூடும். அதனால் நெகட்டிவ் கிடைத்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது பாதிதான் சரி. படத்தின் தரத்துக்கு நெகட்டிவ்தான். ஆனால் படத்தின் வடிவத்துக்கு நெகட்டிவை நம்ப முடியாது. மறுவெளியீட்டுக்குச் சுருக்கியவர்கள் பெரும்பாலும் நெகட்டிவிலேயே கத்தரி வைத்தார்கள். 1977இல் வந்த ஸ்டார் வார்ஸின் கேமரா நெகட்டிவே 1997 சிறப்புப் பதிப்புக்கு ஏற்ப மாற்றிக் கோக்கப்பட்டது. இத்தகைய இடங்களில், முதல் வெளியீட்டின்போது அடித்த ஒரு பிரிண்ட், எவ்வளவு கோடு விழுந்து மழை பெய்தாலும், அதுதான் சாட்சி. எந்த ஷாட் எத்தனை ஃபிரேம், ஃபேட் (காட்சி மெல்ல இருள்வது) எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, பெயர்ப் பட்டியல் எந்த எழுத்தில் இருந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். தரம் நெகட்டிவிலிருந்து, வடிவம் பிரிண்டிலிருந்து. இரண்டையும் ஷாட் ஷாட்டாகப் பொருத்திப் பார்க்காத மீட்பை ஒரிஜினல் என்று அழைக்க எனக்கு மனம் வராது.

நெகட்டிவிலேயே இன்னொரு விஷயமும் உண்டு. டிசால்வ் (ஒரு காட்சி கரைந்து அடுத்தது தெரிவது), ஃபேட், டைட்டில் எல்லாம் ஆப்டிகல் பிரிண்டர் என்னும் நகலெடுக்கும் கருவியில் செய்து, அந்தத் துண்டை டியூப் நெகட்டிவாக இடையில் ஒட்டியிருப்பார்கள். அதனால் நல்ல நெகட்டிவ் ஸ்கேனிலும் டிசால்வ் வரும்போது கிரெயின் திடீரென்று பெருகி, முடிந்ததும் இறங்கும். இது கோளாறு அல்ல. முன்பின் உள்ள ஷாட்டுகளுக்கு இணையாக்குகிறேன் என்று அந்த இடத்தை வழித்துத் தேய்ப்பவர்கள், முகத்தில் உள்ள தோலையும் சேர்த்துத்தான் வழிக்கிறார்கள். நெகட்டிவின் நடுவே சில ஃபிரேம் நீளத்துக்கு படமில்லாத வெறும் கறுப்பு ஃபிலிமும் (லீடர்) வரலாம். கிழிந்த ஃபிரேம்களை நீக்கிவிட்டு ஒலி விலகாமல் இருக்க அதே எண்ணிக்கையில் ஒட்டியது அது. எண்ணி எழுதிவைக்காமல் அதை எடுத்தால் அங்கிருந்து உதட்டசைவும் வசனமும் பிரிந்துவிடும்.

மேஜை வேலைக்கு வேண்டியவை கொஞ்சம்தான். கையால் சுற்றும் இரண்டு ரீவைண்டர், நடுவில் லைட் பாக்ஸ், ஒரு லூப் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி), நைட்ரைல் கையுறை. பருத்திக் கையுறையின் நூல், கிழிந்த துளைகளில் மாட்டி இன்னும் கிழிக்கும். ஃபிலிமின் இரு விளிம்புகளையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே இலேசாகப் பிடித்தபடி மெதுவாகச் சுற்ற வேண்டும். ஒட்டு வரும்போது சின்னத் தடிப்பாகவும், துளை கிழிந்த இடத்தில் நறுக்கென்றும் விரலுக்குத் தெரியும். கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தப்பாது. ஒவ்வொன்றையும் அடிக்கணக்கோடு குறித்துக்கொள்ள வேண்டும்.

ஃபிலிமின் ஓரத்தில் தயாரிப்பாளர் அச்சிட்ட விளிம்பெழுத்தையும் படிக்க வேண்டும். கறுப்பாக இருக்கும் எழுத்து அந்த ஃபிலிமுக்கே உரியது. பிரிண்டில் கறுப்புப் பின்னணியில் வெளிச்சமாகத் தெரியும் எழுத்து, நெகட்டிவிலிருந்து நகலாகி வந்தது. 'நைட்ரேட்' (எளிதில் தீப்பிடிக்கும் பழைய ஃபிலிம்) என்ற சொல் வெளிச்சமாகவும் 'சேஃப்டி' (அப்படித் தீப்பிடிக்காதது) கறுப்பாகவும் ஒரே துண்டில் இருந்தால், நைட்ரேட் நெகட்டிவிலிருந்து சேஃப்டி ஃபிலிமில் அடித்த நகல் என்று பொருள். கோடக்கின் வட்டம், சதுரம், முக்கோணக் குறிகள் ஃபிலிம் தயாரித்த ஆண்டைச் சொல்லும். ஆனால் அவை 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். அதனால் குறியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

நைட்ரேட் என்று தெரிந்ததும் வேலையை நிறுத்தி, அதற்கென்று வசதியுள்ள காப்பகத்தைக் கேட்பதுதான் முறை. கோடக் 1950களின் தொடக்கத்தில் நைட்ரேட் ஃபிலிம் தயாரிப்பை நிறுத்தியது. அதற்கு முந்தைய 35 மி.மீ. ஃபிலிம் எல்லாவற்றையும் நைட்ரேட் என்று சந்தேகிப்பதே நல்லது. எரியத் தொடங்கினால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வெளியிடும், தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் எரியும். கெட்டுப்போகும்போது முதலில் படம் பழுப்பாகி மங்கும், பிறகு பிசுபிசுக்கும், கொப்புளம் கட்டித் தேன்போல் கசியும், பிறகு ரீல் ஒரே கட்டியாகும், கடைசியில் பழுப்புப் பொடி. முதல் இரண்டு கட்டம் வரை நகல் எடுத்துவிடலாம்.

சேஃப்டி ஃபிலிமில் ஒரு வகையான அசிட்டேட் ஃபிலிமின் எதிரி வினிகர் வாடை. அடிப்படைப் பொருள் சிதைந்து அசெட்டிக் அமிலம் வெளியேறும், அந்த அமிலமே சிதைவை மேலும் வேகப்படுத்தும். மூக்கை நம்பாமல் ஏ-டி ஸ்ட்ரிப் என்னும் நிறமாறும் தாளை டப்பாவுக்குள் போட்டு, அறை வெப்பத்தில் 24 மணி நேரம் மூடிவைத்துப் பார்க்க வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சைக்குத் திரும்பும் 1.5 என்ற அளவுதான் திருப்புமுனை, அதற்குப் பிறகு சிதைவு தன்னைத்தானே தூண்டிக்கொண்டு ஓடும். மஞ்சளானால் அந்த ரீலை வரிசையில் முதலாவதாக ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். வாடை வரும் ரீலை மற்றவற்றோடு ஒரே அலமாரியில் வைப்பது, நல்ல ரீல்களுக்கும் சேர்த்துக் குழி தோண்டுவது. ஃபிலிமின் மேல் வெள்ளைப் படிகம் பூத்திருந்தால் பூஞ்சை என்று நினைத்துவிடுவார்கள். பல சமயம் அது அசிட்டேட்டிலிருந்து வெளியேறிய பிளாஸ்டிசைசர். உண்மையான பூஞ்சை கிளை கிளையாகப் பரவும், ஜெலட்டினைத் தின்று அதை நீரில் கரையும்படி ஆக்கிவிடும். அங்கே தண்ணீர் பட்டால் படமே வழிந்து போகும்.

சுருக்கத்தை அளக்க விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. பிரிண்டில் இரண்டு துளைகளுக்கு இடையே 4.75 மி.மீ. ஆகவே 100 துளை 475 மி.மீ. இருக்க வேண்டும். 470 மி.மீ.க்குப் பக்கத்தில் வந்தால் ஒரு விழுக்காட்டுக்கு மேல் சுருங்கிவிட்டது. அதைப் புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படக்கூடாது, ஸ்பிராக்கெட் பல் துளையை வரிசையாகக் கிழித்துவிடும். பல் இல்லாமல் உருளையில் ஓடும் ஸ்கேனர்தான் அதற்கு.

பழைய ஒட்டுகளில் சிமெண்ட் காய்ந்து பிரிந்தவற்றைச் சுரண்டிப் புதிதாக ஒட்ட வேண்டும். சிமெண்ட் ஒட்டு நைட்ரேட்டுக்கும் அசிட்டேட்டுக்கும்தான். பாலியெஸ்டர் அதில் கரையாது, அதற்கு டேப் அல்லது அல்ட்ராசோனிக் ஒட்டு. டேப் ஒட்டுகளில் கசிந்த பசை அடுத்த சுற்றுகளில் அப்பியிருக்கும், அங்கே ஃபிலிமை இழுத்துப் பிரித்தால் எமல்ஷன் (படம் பதிந்த பூச்சு) கூடவே உரியும். 1993இல் லண்டனில் ஒரு லேபில் நடந்த தீ விபத்தில் சத்யஜித் ராயின் அப்பு வரிசைப் படங்களின் நெகட்டிவ்கள் கருகின. எரிந்து வறண்டு முறுகியிருந்த அவற்றுக்கு ஈரப்பதம் ஏற்றி நெகிழ்வாக்கி, துளைகளையும் விளிம்புகளையும் கையாலேயே சரிசெய்து, மிஞ்சிய இடங்களை ஸ்கேன் செய்தது போலோஞ்ஞாவில் உள்ள லிம்மாஜினே ரித்ரோவாதா லேப். மீதியை டியூப் நெகட்டிவ்களிலிருந்தும் மாஸ்டர் பாசிட்டிவ்களிலிருந்தும் எடுத்தார்கள். 2015இல் படங்கள் திரும்பத் திரைக்கு வந்தன. கருகிய ரீலையும் தூக்கிப் போடக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி ஸ்கேன். அடித்தளப் பக்கம் விழுந்த கீறல்களுக்கு வெட் கேட் (ஃபிலிமைத் திரவத்தில் நனைத்தபடி ஸ்கேன் செய்வது) நல்லது. பெர்குளோரோஎத்திலீன் திரவத்தின் ஒளிவிலகல் ஃபிலிமின் அடித்தளத்தோடு ஒத்துப்போவதால், கீறலுக்குள் திரவம் நிரம்பியதும் கீறல் மறைந்துவிடும். எமல்ஷனே சுரண்டப்பட்ட இடத்தில் இது ஒன்றும் செய்யாது. தூசியைக் கண்டுபிடிக்கும் அகச்சிவப்பு வசதி கலர் ஃபிலிமில் பிரமாதமாக வேலை செய்யும். கறுப்பு வெள்ளையில் அதை அணைத்து வைக்க வேண்டும், ஏனென்றால் படமே வெள்ளியால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பையும் மறைப்பதால், முழுப்படத்தையும் தூசி என்று கருவி எண்ணிக்கொள்ளும். ஃபிரேமை விளிம்பு வரை, முடிந்தால் துளையும் ஒலித்தடமும் தெரியும்படி எடுக்க வேண்டும். வெட்டுவதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். 4096 × 3112 அளவில் 10 பிட் டிபிஎக்ஸ் கோப்பு (ஒரு ஃபிரேமுக்கு ஒரு படக் கோப்பு) ஃபிரேமுக்குச் சுமார் 51 எம்பி. 150 நிமிடப் படத்தில் 2,16,000 ஃபிரேம். ஆக 11 டெராபைட். 16 பிட் என்றால் 16.5 டெராபைட். ஹார்ட் டிஸ்க் வாங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும், பாதியில் இடம் போதாமல் அளவைக் குறைக்கும் அவலம் வராது.

சுத்தம் செய்யும் மென்பொருள், ஒரே ஒரு ஃபிரேமில் வந்து மறையும் எதையும் தூசி என்றே கொள்ளும். மழைத்துளி, தீப்பொறி, வாள் மின்னுவது, நடனத்தில் வேகமாகத் திரும்பும் கை விரல், நெற்றிச்சுட்டியின் பளிச்சென்ற மினுக்கம் எல்லாம் ஒரு ஃபிரேம் சமாச்சாரம்தான். தானியங்கி முறையில் ஓட்டிய பின், நீக்கியவற்றை மட்டும் தனியே காட்டச் சொல்லிப் பார்த்தால் அதிர்ச்சியாக இருக்கும்: சாம்பல் திரையில் விரல்களும் கண்ணிமைகளும் மிதக்கும். அந்த ஷாட்டுகளைக் கையால்தான் செய்ய வேண்டும். கிரெயினை முழுதாக நீக்கி, பிறகு செயற்கைக் கிரெயின் தூவுவதை நான் மீட்பு என்று சொல்ல மாட்டேன். படம் இருப்பதே கிரெயினில்தான்.

வண்ணத்தில் விழும் குழி வேறு. 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரையிலான கலர் பிரிண்ட்களில் சயானும் மஞ்சளும் வெளுத்து, மிச்சம் செக்கச்சிவப்பாக நிற்கும். அதைத் திருத்தி ஓரளவு கொண்டுவரலாம், ஆனால் சாயம் முற்றிலும் போன இடத்தில் நிறம் ஊகம்தான். டெக்னிகலர் சாயப் பரிமாற்ற முறையில் அடித்த பிரிண்ட் ஒன்று எங்காவது கிடைத்தால் அதை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ள வேண்டும், அந்தச் சாயம் கிட்டத்தட்ட வெளுக்காது. பகலில் எடுத்து இரவாகக் காட்டும் காட்சிகள் நெகட்டிவ் ஸ்கேனில் பட்டப்பகலாகவே தெரியும், ஏனென்றால் இருட்டை ஏற்றியது பிரிண்ட் அடிக்கும்போதுதான். கிரேடிங் சீட்டோ பழைய பிரிண்டோ பார்க்காதவர் அதைப் பகலாகவே விட்டுவிடுவார், கதாநாயகி கையில் விளக்கோடு வெயிலில் நடப்பாள். இதேபோல் தொங்கும் கம்பியும், விக்கின் விளிம்பும், பின்னால் வரைந்த வானமும் நெகட்டிவில் அப்பட்டமாகத் தெரியும். பிரிண்டில் தெரியாது என்று கணக்குப் போட்டுத்தான் ஒளிப்பதிவாளர் விட்டிருப்பார். அழிக்கலாமா கூடாதா என்பதில் சண்டை ஓயாது. என் கட்சி: கம்பியை அழிக்காதே, பிரிண்டின் கான்ட்ராஸ்டுக்குக் கொண்டுவா, பெரும்பாலும் தானே மறையும்.

அகலம் உயரத்தைப்போல் 1.37 மடங்கு என்ற விகிதத்தில் எடுத்த படத்தை அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தலையும் பாதமும் போன நடனம் நடனமே இல்லை.

ஒலியில்தான் அதிக அட்டூழியம் நடக்கிறது. ஃபிலிமின் ஓரத்திலேயே ஒளியால் பதிந்த பழைய ஆப்டிகல் ஒலியைக் கலந்தவர்கள், தியேட்டர் ஸ்பீக்கர் 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரிந்து இறங்கும் என்று தெரிந்தே கூர்மையை ஏற்றிக் கலந்தார்கள். அந்தச் சரிவுக்குப் பெயர்தான் அகாடமி வளைவு. அந்தச் சரிவைப் போடாமல் நேராகக் கேட்டால் கிறீச்சென்று இருக்கும். உடனே இரைச்சல் நீக்கியைத் தூக்கி அடித்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். முதலில் வளைவு, பிறகு சொடுக்குச் சத்தங்கள், கடைசியில், தேவைப்பட்டால் மட்டும், இரைச்சல். வசனங்களுக்கு நடுவே முழு நிசப்தம் வந்தால் அளவு மீறிவிட்டது. ஹிட்ச்காக்கின் வெர்டிகோ படத்தின் 1996 மீட்பில் காலடி, கதவுச் சத்தங்களைப் புதிதாகப் பதிவுசெய்து சேர்த்ததற்கு எழுந்த எதிர்ப்பு இன்றும் பேசப்படுகிறது. புதிய பல தட ஒலிக்கலவை செய்யட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சீர்செய்த மோனோவும் அதே வட்டில், அதே கோப்பில் இருக்க வேண்டும்.

ஒரு சின்ன நுணுக்கம்: 35 மி.மீ. பிரிண்டில் ஒலி, அதற்குரிய ஃபிரேமுக்குச் சுமார் 20 ஃபிரேம் முன்னால் பதிந்திருக்கும். அதனால் ஃபிலிம் அறுந்து ஒட்டிய இடத்தில் படம் ஒரு புள்ளியில் குதிக்கும், ஒலி முக்கால் நொடிக்குச் சற்று மேல் கழித்துக் குதிக்கும். இன்னொரு பிரிண்டிலிருந்து விடுபட்டதை நிரப்பும்போது படத்துக்கு ஓரிடத்திலும் ஒலிக்கு வேறிடத்திலும் நிரப்ப வேண்டும். இதை மறந்தால் இரண்டு இடத்திலும் ஒட்டு தெரியும்.

வேலை முடிந்தபின் ஃபிலிமை எறிவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பாவம். ஃபிலிம் இருந்தால் நாளை இன்னும் நல்ல ஸ்கேனரில் எடுக்கலாம். 21 டிகிரி செல்சியஸ், 50% ஈரப்பதத்தில் புதிய அசிட்டேட் ஃபிலிமே சுமார் 40 ஆண்டில் வினிகர் வாடைக்கு வந்துவிடும். வெப்பத்தைக் குறைக்கக் குறைக்க ஆயுள் பல மடங்கு நீளும். 4 டிகிரிக்குக் கீழே, 30 முதல் 50% ஈரப்பதம் என்பது நல்ல இலக்கு, கலருக்கு உறைநிலைக்கும் கீழே. துருப்பிடித்த தகர டப்பாவை மாற்றிக் காற்றுப் போகும் பாலிபுரோப்பிலீன் டப்பாவில், ரீலிலிருந்து கழற்றிக் கோர் என்னும் நடு உருளையில் சுற்றி, படுக்கவைக்க வேண்டும். குளிரிலிருந்து எடுத்ததும் திறக்கக்கூடாது. மூடிய பையோடேயே ஒரு நாள் அறை வெப்பத்தில் விட வேண்டும், இல்லையென்றால் எமல்ஷனில் நீர் கோத்துக்கொள்ளும்.

டிஜிட்டல் பக்கம், சீர்செய்யாத ஸ்கேனைத் தனியாகவும் முடித்த மாஸ்டரைத் தனியாகவும் வைக்க வேண்டும். மூன்று நகல், அதில் ஒன்று வேறு ஊரில். டிபிஎக்ஸை எஃப்எஃப்வி1 முறையில் ஒரு பிட்டும் இழக்காமல் சுருக்கலாம், திரும்ப விரித்தால் அதே கோப்பு வரும். ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (கோப்பு மாறினால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) எழுதிவைத்து, ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். எல்டிஓ எனும் தரவு சேமிப்பு டேப்பில் தலைமுறை பின்தங்கினால் படிக்கும் டிரைவைத் தேடி அலைய நேரும், அதற்குள் புதிய டேப்புக்கு மாற்றிவிட வேண்டும்.

மாஸ்டரோடு ஒரு எழுத்துக் கோப்பும் போக வேண்டும். எந்த ஷாட் எந்த ரீலிலிருந்து வந்தது, எத்தனை ஃபிரேம் கிடைக்கவில்லை, எங்கே இடைப்பட்ட ஃபிரேமைக் கணினி உருவாக்கியது, எந்த நிறம் ஊகம், எந்தப் பிரிண்டை ஒப்பிட்டோம் என்று எல்லாவற்றையும் டைம்கோடோடு (படத்தில் வரும் நேரக் குறியோடு) எழுத வேண்டும். அதன் அச்சுப் பிரதியைப் படப்பெட்டிக்கு வெளியே உறையில் வைக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்தால் தாளின் அமிலமும் ஈரமும் ஃபிலிமைப் பிடித்துக்கொள்ளும்.